கொசுவுக்கு வயசு என்ன?



பேரவைச் செயலாளர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார். கவிதை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். நிலா, அவள், மழை என்று மூன்று வார்த்தைக்கு மேல் நகரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இது ஒரு கொசுவைப் பற்றிய கட்டுரை. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் கொசுவோடு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தில் என் தப்பும் இருக்கிறது.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில் உள்ள செலியமேடு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அதனால் கரண்டு பில்லில் இருந்து காய்ச்சல் மாத்திரை வரைக்கும் எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். தெரியாது என்று சொன்னால், "என்னடா படிக்கிற?" என்பார்கள். அதனால் தெரியாததற்கும் பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சுகாதார ஊழியர் அக்கா வந்து எங்கள் தண்ணீர் டிரம்மை எட்டிப் பார்த்தார். "புழு நெளியுது. வாரத்துக்கு ஒரு தரம் கொட்டித் தேய்ச்சுக் காய வைங்க" என்றார். அவர் போனதும் ஆயா முனகியது: "மோட்டார் தண்ணி வர்றதே அரை மணி நேரம். அதைக் கொட்டணுமாம். கொசு என்ன நூறு வருஷமா வாழப் போவுது? நாலு நாள்ல தானா செத்துடும். ஏம்பா, நீ படிச்சவன், சொல்லு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா ஆயா, நாலஞ்சு நாள்தான்."

டிரம் அப்படியே இருந்தது. மூன்று வாரம் கழித்து என் தங்கச்சிக்குக் காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு. ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தினமும் தட்டணு எண்ணிக்கை என்ன என்று கேட்டுக் கேட்டு அம்மா தூங்கவே இல்லை. தங்கச்சி பிழைத்து வந்துவிட்டாள். அவளைக் கடித்தது அந்த டிரம்மில் வளர்ந்த கொசுதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் சொன்ன பதில் தப்பு. எவ்வளவு தப்பு என்று பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கிழட்டுக் கொசுதான் ஆபத்து

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்னும் கொசு. உடம்பிலும் காலிலும் வெள்ளை வரி போட்டிருக்கும், பகலில் கடிக்கும். கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வைக்க அதற்கு ரத்தத்தில் உள்ள புரதம் தேவை. ஆண் கொசு பூந்தேனைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதன் ஆயுசும் குறைவு.

ஒரு கொசு டெங்கு நோயாளியைக் கடித்த உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. ரத்தத்தோடு போன வைரஸ் கொசுவின் குடலில் பெருகி, குடல் சுவரைத் தாண்டி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். நம்மூர்ச் சூட்டில் இதற்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். கொசு பிறந்து முதல் ரத்தம் குடிக்கவே இரண்டு மூன்று நாள் ஆகும். ஆக, குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாள் உயிரோடு இருக்கும் கொசுதான் டெங்குவைக் கொடுக்க முடியும். இளம் கொசு கடித்தால் அரிப்பு மட்டும்தான்.

இங்கே நம் கால்குலேட்டரைக் கொஞ்சம் எடுப்போம். ஒரு உதாரணத்துக்கு, 1000 கொசுக்களில் தினமும் 10 சதவீதம் சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் நாள் எத்தனை மிஞ்சும்? 0.9-ஐ 13 தடவை பெருக்கினால் 0.254. அதாவது 254 கொசு. இப்போது தினசரிச் சாவு 20 சதவீதம் என்று வையுங்கள். 0.8-ஐ 13 தடவை பெருக்கினால் 0.055. வெறும் 55 கொசு. தினசரிச் சாவு இரண்டு மடங்கானால், ஆபத்தான வயசை எட்டும் கொசு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது!

பிரிட்டிஷ் மருத்துவ விஞ்ஞானி ஜார்ஜ் மெக்டொனால்ட் 1950-களில் மலேரியாவுக்கு இதே போன்ற கணக்கைப் போட்டுக் காட்டினார். கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்குவதைவிட அதன் ஆயுசைக் குறைப்பது பல மடங்கு பலன் தரும் என்பது அவர் கணக்கின் சாரம்.

ஆயா சொன்னதில் பாதி உண்மை. பெரும்பாலான கொசு சீக்கிரமே செத்துத்தான் போகிறது. பல்லி, தட்டான், காற்று, நம்ம கை என்று அதற்கு ஆயிரம் எமன். ஆனால் தப்பிப் பிழைத்து மூன்று, நான்கு வாரம் வாழும் ஒரு சில கொசுதான் வீட்டுக்கு வீடு நோயைக் கொண்டுபோகிறது. அப்படியானால் கேள்வி மாறுகிறது. ஒரு கொசு எத்தனை நாள் வாழும் என்பதை எது முடிவு செய்கிறது?

இறக்கைக்குள் ஓடும் என்ஜின்

பத்தாம் வகுப்பில் 'செல்லின் ஆற்றல் நிலையம் எது?' என்று ஒரு மார்க் கேள்வி வரும். 'மைட்டோகாண்ட்ரியா' என்று எழுதி ஒரு மார்க் வாங்கினோம். அதோடு மறந்தோம். உண்மையில் நம் டிப்பார்ட்மெண்ட் ஆட்களுக்குத்தான் அது நன்றாகப் புரிய வேண்டும். ஏனென்றால் அது ஒரு என்ஜின்.

ஏடிஸ் கொசு நொடிக்கு 400 தடவைக்கு மேல் இறக்கை அடிக்கிறது. அந்த 'ங்ங்ங்' சத்தம் அதுதான். இந்த வேகத்துக்கு எரிபொருள் கொடுக்க, பூச்சிகளின் பறக்கும் தசையில் மைட்டோகாண்ட்ரியாக்கள் அடைந்து கிடக்கின்றன. தசையின் கன அளவில் 40 சதவீதம் வரைகூட அவையே இருக்கும். நமக்கு ஆக்சிஜன் ரத்தம் வழியாகப் போகிறது. பூச்சிக்கு அப்படி இல்லை. உடம்பின் பக்கவாட்டில் உள்ள துளைகளில் இருந்து நுண்ணிய காற்றுக் குழாய்கள் நேரே தசைக்குள் போகின்றன. பூச்சி பறக்க ஆரம்பித்தால் ஆக்சிஜன் செலவு 50 மடங்குக்கு மேல் ஏறும். ஆக்சிலேட்டரை ஒரே மிதி மிதித்த மாதிரி!

மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வில் வரிசையாகச் சில புரதக் கூட்டங்கள் இருக்கின்றன. உணவில் இருந்து கிடைத்த எலக்ட்ரான்களை இவை கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. செங்கல் சூளையில் ஆள் வரிசையாக நின்று கல் கைமாற்றுவது போல. அந்த ஓட்டத்தில் கிடைக்கும் சக்தியை வைத்து ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு தயாராகிறது. அதுதான் செல்லுக்குள் செலவாகும் காசு.

கைமாற்றும்போது சில கல் கீழே விழும் அல்லவா? அதுபோலச் சில எலக்ட்ரான்கள் வழியிலேயே நழுவி ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது உண்டாவது சூப்பர் ஆக்சைடு. இது என்ஜின் கக்கும் புகை மாதிரி. புரதம், கொழுப்பு, டி.என்.ஏ. எதைத் தொட்டாலும் கெடுக்கும். 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் இந்தப் புகைதான் முதுமைக்குக் காரணம் என்றார். 1972-ல் ஒரு படி மேலே போய், ஆயுசைக் கணக்குப் பண்ணும் கடிகாரமே மைட்டோகாண்ட்ரியாதான் என்றார்.

ஈயைப் பாட்டிலில் அடைத்த ஆராய்ச்சி

இதை ஈயை வைத்துச் சோதித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் பணியாற்றிய ரஜிந்தர் சோஹல். இந்திய வம்சாவளி விஞ்ஞானி. வீட்டு ஈக்களைப் பறக்க முடியாதபடி சின்னப் பாட்டில்களில் அடைத்து வளர்த்தார்கள். பறக்க இடம் கிடைத்த ஈக்களைவிட, நடக்க மட்டும் முடிந்த ஈக்கள் வெகுநாள் வாழ்ந்தன. 1997-ல் சோஹல் குழு இன்னொன்றையும் காட்டியது. வயசான ஈயின் பறக்கும் தசையில் எல்லாப் புரதமும் ஒரே மாதிரி கெடவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உள்ள அகோனிடேஸ் போன்ற ஒரு சில புரதங்கள்தான் குறிப்பாக அடி வாங்கியிருந்தன. என்ஜின் முழுவதும் துருப்பிடிக்கவில்லை. குறிப்பிட்ட சில பாகம் தேய்ந்திருந்தது.

அப்படியானால் புகையைச் சுத்தம் பண்ணினால் ஆயுசு கூடுமா? செல்லில் அதற்கென்றே நொதிகள் உண்டு. 1994-ல் வில்லியம் ஆர் என்பவரும் சோஹலும் பழ ஈக்களில் அப்படிப்பட்ட இரண்டு நொதிகளைக் கூடுதலாகச் சுரக்க வைத்தார்கள். ஆயுசு மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் கூடியது. உலகமே கை தட்டியது.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். 2003-ல் அதே இருவரும் தங்கள் குழுவோடு சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இந்த முறை, ஏற்கெனவே நல்ல ஆரோக்கியமாக, நீண்ட நாள் வாழும் ஈ வகைகளில். பலன் கிடைக்கவில்லை. அதை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். உலகம் பாராட்டிய தங்கள் பதிலைத் தாங்களே திருத்தினார்கள்! நானோ ஆயாவிடம் சொன்ன ஒரு பதிலைத் திருத்த மூன்று மாதம் வெட்கப்பட்டேன்.

ஆக, புகை உண்மை. தேய்மானமும் உண்மை. ஆனால் அதுவே முழுக்கதை இல்லை.

ஈசலும் ராணியும்

முழுக்கதை எங்கள் ஊர் வரப்பு ஓரத்துப் புற்றிலேயே இருக்கிறது. முதல் மழை விட்டதும் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். அகலத் தட்டில் தண்ணீர் வைத்துப் பிடித்து, இறக்கையைப் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்போம். 'ஈசல் வாழ்வு ஒரு நாள்' என்று பேச்சிலும் சொல்வோம். அதுவும் தப்பு!

ஈசல் என்பது கறையானின் இளவரசனும் இளவரசியும்தான். காக்கை, தவளை, பல்லி, நாம் எல்லோரும் தின்றது போக ஒரு சில ஜோடி தப்பிக்கும். அவை இறக்கையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்ப் புதுப் புற்று கட்டும். பறக்கும் தசை அதன்பின் கரைந்துபோகும். அந்த இளவரசி ராணியாகி, தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டு வருடக்கணக்கில் வாழும். புற்று கட்டும் பெரிய கறையான் இனங்களில் ராணியும் ராஜாவும் 20 வருடம் வரைகூட வாழ்வதாகச் சொல்கிறார்கள். அதே தாய்க்குப் பிறந்த வேலைக்காரக் கறையானுக்கு ஆயுசு சில வாரம், சில மாதம். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே மாதிரி மரபணு. ஆனால் ஆயுசில் இத்தனை வித்தியாசம்.

2017-ல் ஜப்பானியக் கறையான் இனம் ஒன்றைச் சோதித்தவர்கள், ராணியின் உடம்பில் புகையைச் சுத்தம் பண்ணும் நொதிகள் மிகச் சுறுசுறுப்பாக இருப்பதையும் சேதம் குறைவாக இருப்பதையும் கண்டார்கள். என்ஜின் ஒன்றுதான்; மெயின்டனன்ஸ் வேறு.

ஏன் ராணிக்கு மட்டும் அவ்வளவு மெயின்டனன்ஸ்? இதற்குப் பதில் சொன்னவர்கள் 1952-ல் பீட்டர் மெடவார், 1957-ல் ஜார்ஜ் வில்லியம்ஸ். அவர்கள் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு பூச்சியை வெளியே எதிரி எப்படியும் ஒரு வாரத்தில் கொன்றுவிடும் என்றால், இரண்டு மாதம் தாங்கும் என்ஜின் வைத்து என்ன பிரயோஜனம்? அந்தச் செலவைச் சீக்கிரம் முட்டையிடுவதில் போடும் பூச்சிக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பிறக்கும். பல தலைமுறையில் அந்த ரகமே நிலைக்கும். மண்ணுக்கு அடியில், காவலுக்கு நடுவில் இருக்கும் ராணியின் கதை வேறு. நீண்ட நாள் வாழ்ந்தால் நீண்ட நாள் முட்டையிடலாம். அங்கே நல்ல மெயின்டனன்ஸ் உள்ள ரகம் நிலைக்கும். 1997-ல் லாரன்ட் கெல்லரும் மிஷேல் ஜெனூவும் கணக்கெடுத்தபோது, எறும்பு, தேனீ, கறையான் போன்றவற்றின் ராணிகள் தனியாக வாழும் பூச்சிகளைவிடச் சுமார் 100 மடங்கு நீண்ட ஆயுசு பெற்றிருந்தது தெரிந்தது.

இது வெறும் யூகம் இல்லை. 1984-ல் மைக்கேல் ரோஸ் பழ ஈக்களை வைத்துச் செய்து பார்த்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் வயசான ஈக்கள் இட்ட முட்டையை மட்டும் எடுத்து வளர்த்தார். தலைமுறை போகப் போக, ஈக்களின் ஆயுசு தானாகவே நீண்டது. பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியின் குழு வேறு திசையில் போனது. சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முட்டையிடும் ஈக்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஈக்கள் வேகமாக வளர்ந்தன. ஆனால் உருவம் சிறுத்தது. முட்டையில் இருந்து ஈயாக வரும் வரைக்கும் பிழைப்பதும் குறைந்தது. எதையாவது கொடுத்தால்தான் எதையாவது வாங்க முடியும்.

அம்மா கொடுத்த என்ஜின்

இன்னும் ஒரு விசேஷம். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. பூச்சியிலும் சரி, நம்மிடமும் சரி, அதில் 37 மரபணுக்கள்தான். அவற்றில் 13 புரதம் செய்பவை. என்ஜினுக்கு வேண்டிய மற்ற நூற்றுக்கணக்கான பாகங்களுக்கு டிராயிங் செல்லின் உட்கருவில் இருக்கிறது. உட்கரு டி.என்.ஏ. அப்பா பாதி, அம்மா பாதி. மைட்டோகாண்ட்ரியாவோ அம்மாவின் முட்டை வழியாக மட்டுமே வருகிறது. ஆக, ஒரு கம்பெனி போல்ட்டும் இன்னொரு கம்பெனி நட்டும் சேர்ந்துதான் இந்த என்ஜின் ஓடுகிறது. மரை சரியாகப் பொருந்தாவிட்டால் லீக்தான்.

இதில் ஆணுக்கு ஒரு நஷ்டம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவில் பெண்ணைப் பாதிக்கும் கோளாறு வந்தால், அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை குறையும்; கோளாறும் அவளோடு மறையும். ஆணை மட்டும் பாதிக்கும் கோளாறு வந்தால்? ஆண் தன் மைட்டோகாண்ட்ரியாவை யாருக்கும் கொடுப்பதில்லை. அதனால் அந்தக் கோளாறு களையெடுக்கப்படாமல் அம்மா வழியாகவே தொடரும். 2012-ல் ஆஸ்திரேலியாவில் டாமியன் டவ்லிங்கின் குழு 13 வகை மைட்டோகாண்ட்ரியாவை ஒரே உட்கரு கொண்ட பழ ஈக்களில் வைத்துப் பார்த்தது. பெண் ஈக்களின் முதுமையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண் ஈக்கள் மட்டும் வகைக்கு வகை வேறு வேறு வேகத்தில் கிழடு தட்டின.

இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் 'தாயின் சாபம்'. எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. அம்மா என்ன செய்தாள் பாவம்? தன்னிடம் இருந்த என்ஜினை அப்படியே எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

நம்ம புதுச்சேரியிலேயே

இத்தனையும் எங்கோ அமெரிக்காவில், ஜப்பானில் என்று நினைத்திருந்தேன். இல்லை. கொசுவை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் நம் புதுச்சேரி இந்திரா நகரில் 1975 முதல் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் உள்ள வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர். எத்தனை தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன்!

அவர்கள் செய்த வேலையைப் புரிந்துகொள்ள 'வோல்பாக்கியா' என்ற பாக்டீரியாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது பூச்சிகளின் செல்லுக்குள் வாழும். மைட்டோகாண்ட்ரியாவைப் போலவே அம்மாவின் முட்டை வழியாக மட்டுமே பிள்ளைக்குப் போகும். சாக்கடைக் கொசுவில் இது இயல்பாகவே உண்டு, ஏடிஸில் இல்லை. இதன் தந்திரம் இதுதான். வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் பொரிக்கும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை வோல்பாக்கியா உள்ள கொசுவே பெருகும்.

1997-ல் பழ ஈயில் ஒரு வகை வோல்பாக்கியாவைக் கண்டார்கள். அது செல்லுக்குள் சோளப்பொரி போலப் பெருகி ஈயைச் சீக்கிரம் கொன்றது. பேரே பாப்கார்ன்! 2009-ல் ஆஸ்திரேலியாவில் அதை ஏடிஸுக்குள் ஏற்றினார்கள். கொசுவின் ஆயுசு ஏறக்குறைய பாதியானது. மெக்டொனால்ட் கணக்குக்கு அச்சாகப் பொருந்தும் ஆயுதம். கிழட்டுக் கொசுவே இல்லை என்றால் டெங்கு ஏது?

ஆனால் ஆஸ்திரேலியாவிலும் வியட்நாமிலும் வெளியே விட்டுப் பார்த்தபோது பாப்கார்ன் நிலைக்கவில்லை. ஆயுசு குறைந்த, முட்டை நலிந்த கொசுவால் ஊர்க் கொசுவோடு போட்டி போட முடியவில்லை. ஈசலுக்குச் சொன்ன அதே விதி இங்கேயும். ரொம்பச் செலவு வைக்கும் எதையும் இயற்கை கழித்துவிடும். அதனால் கொசுவை அவ்வளவாகப் பாதிக்காமல், அதன் உடம்பில் டெங்கு வைரஸ் பெருகுவதை மட்டும் தடுக்கும் வகைகளுக்கு விஞ்ஞானிகள் மாறினார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிக் கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் வெளியானது.

புதுச்சேரி மையம் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, டபிள்யூ-மெல், டபிள்யூ-ஆல்ப்-பி என்ற இரண்டு வகை வோல்பாக்கியா கொண்ட ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. அவற்றுக்குப் பேரே 'புதுச்சேரி ரகம்'! நம்மூர் வெயிலை எது தாங்கும் என்றும் சோதித்தார்கள். இரண்டாவது வகை அதிகம் தாங்கியது. ஊருக்குள் விடுவதற்கு அரசின் அனுமதிகள் வேண்டும் என்றும் அப்போதே சொன்னார்கள்.

இங்கே யோசித்துப் பாருங்கள். வோல்பாக்கியா உள்ள வெளியூர்ப் பெண் கொசுவை நம்மூர் ஆண் கொசுவோடு சேர்க்க வேண்டும். பிறக்கும் பெண்ணை மறுபடி நம்மூர் ஆணோடு சேர்க்க வேண்டும். இப்படியே பல தலைமுறை செய்தால் உட்கரு மொத்தமும் புதுச்சேரிக்காரன் ஆகிவிடும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா? அது அம்மா வழி. முதலில் வந்த வெளியூர் அம்மாவுடையதே தொடரும். நம்மூர் போல்ட், வெளியூர் நட்டு! வோல்பாக்கியா ஊரெல்லாம் பரவினால், அதே முட்டையில் பயணம் செய்யும் அந்த மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே பரவும். அமெரிக்காவில் ஒரு பழ ஈ இனத்தில் அப்படிப் பரவியதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் இப்படிப்பட்ட கொசு எத்தனை நாள் வாழ்கிறது, எத்தனை முட்டை போடுகிறது என்று அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு மார்க் கேள்வி என்று நாம் விட்டுவிட்ட மைட்டோகாண்ட்ரியா எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

அதுவரைக்கும் நாம்?

வோல்பாக்கியா கொசு நம் ஊருக்கு வரும் வரைக்கும் நம் கையில் இருப்பது டிரம்தான். முட்டையில் இருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒரு தரம் காய வைத்தால் புழு கொசுவாகும் முன்பே சங்கிலி அறுந்துவிடும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. ஏடிஸ் முட்டை டிரம்மின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நார் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். கொட்டாங்குச்சி, பழைய டயர், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி எதையும் விடக்கூடாது. காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும். அவரைக் கடிக்கும் கொசுதான் பத்து நாள் கழித்து அடுத்த வீட்டுக்குப் போகும்.

பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் ஆயாவிடம் உட்கார்ந்து சொன்னேன். "ஆயா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. கொசு ஒரு மாசம்கூட இருக்கும். அந்தக் கிழட்டுக் கொசுதான் பொல்லாதது."

ஆயா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. "கிழடுன்னா பொல்லாததுன்னு என்னைத்தானே சொல்ற?" என்று சிரித்தது. அப்புறம், "தெரியலன்னா தெரியலன்னு சொல்லக் கூடாதா சாமி?" என்றது.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டிரம் தேய்ப்பது என் வேலை. தங்கச்சி பக்கத்தில் நின்று மேஸ்திரி வேலை பார்ப்பாள்.

நண்பர்களே, நம்மில் பல பேர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நாம் சொல்வதை வீடு நம்புகிறது. ஊரும் நம்புகிறது. அதனால் தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வோம். இந்த மலரைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு டிரம்மை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

 

— இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், செலியமேடு